எங்களுக்கு முன்னால் எங்கள் பை பார்த்த நீர்வீழ்ச்சி

லண்டன் குட்மேய்ஸில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் மூன்று இடம்தான். சுவிஸ், அங்கே ஒரு மாமா இருப்பார். பாரிஸ், அங்கே சாறிக்கடை இருக்கும். கனடா, அங்கே எல்லாரும் இருப்பார்கள். நோர்வேயின் வடக்கு முனைக்கு, பனிக்கடல் பக்கமாக ஒரு நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிறோம் என்று நான் சொன்னபோது, கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டு நின்ற மனிசி கேட்டாள்: "அங்கை கோயில் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப ஆற்றை கலியாணம்?"

ஒருவருடைய கலியாணமும் இல்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். சீட்டுப் பிடித்துவிட்டு ஓடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

காரணத்தை அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பின்னேரத்துக்குள் பத்து வீட்டிலிருந்து பாகற்காய்ச் சாறு வந்து சேரும். என் மனிசனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. சீனி வியாதி இரண்டு கண்ணையும் நடுவிலிருந்து தின்னத் தொடங்கியிருந்தது. நேரே பார்த்தால் புகை. ஓரக்கண்ணால் பார்த்தால் ஏதோ தெரியும். அதனால் எதைப் பார்ப்பதென்றாலும் தலையைச் சரித்து, கோழி பார்க்கிற மாதிரிப் பார்ப்பார். கண் வைத்தியர் ஒரு இளம் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள், பார்க்க ஆசைப்பட்டது ஏதாவது இருந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம் என்று.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "என்ன பாக்க வேணும் உங்களுக்கு?"

தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாலே யோசிக்கிற ஆள். அன்றைக்கு உடனே சொன்னார்: "அந்த நீர்வீழ்ச்சி."

எந்த நீர்வீழ்ச்சி என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடத்துக்கு முன், அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, குரோய்டனில் இருந்த அந்தப் பெரிய குடிவரவுக் கட்டடத்துக்கு இவர் நாலைந்து தரம் போனார். ஒரு தரம் நானும் போனேன். மகள் வயிற்றில் ஏழு மாதம். காத்திருக்கிற அறையில் எங்கள் கதிரைக்கு நேர் முன்னால், சுவரில் ஒரு பெரிய படம். பனி மூடிய மலை, கீழே கடல், நடுவில் நீர்வீழ்ச்சி. இரண்டாகப் பிரிந்து விழும். வலது பக்கத்தில் விழுவது மெல்லியது, இரண்டுக்கும் நடுவில் ஒரு கறுத்த பாறை. இவ்வளவு துல்லியமாக எனக்கு எப்படி ஞாபகம் என்றால், அன்றைக்கு எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தது. எழும்பிப் போனால் எங்கள் நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம். மூன்று மணித்தியாலம் காலை இறுக்கிக்கொண்டு, விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தை அங்கே கொழுவினவன் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும்.

இவரோ அந்தப் படத்துக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார். முருகனுக்கு வைக்கலாம். பிள்ளையாருக்கு வைக்கலாம். அவசரத்துக்கு எங்கள் சைவக்காரர் மாதாவுக்கும் வைக்கிறார்கள். இந்த மனிசன் சுவரில் தொங்கின படத்துக்கு வைத்தார்: இந்த நாட்டில் இருக்க விட்டால் உன்னை வந்து பார்க்கிறேன். இருக்க விட்டார்கள். அதற்குப் பிறகு மினிகாப் ஓட்டினார், வீடு வாங்கினார், மகளை வயலின் வகுப்புக்கு ஏற்றி இறக்கினார், எனக்கு ஷிப்ட் மாறினால் சமைத்தார். நீர்வீழ்ச்சி மட்டும் அப்படியே நின்றது.

இதை அவர் தன்னுடைய அக்காவிடமும் சொல்லிவிட்டார். அங்கேதான் பிழை. என்னுடைய மச்சாள் டூட்டிங்கில் இருக்கிறார். லண்டனில் எந்தத் தமிழ் வீட்டில் எந்த வருத்தம் வந்தாலும் அதற்கு ஒரு தோஷம் கண்டுபிடிக்கக்கூடிய ஆள்.

"நேர்த்தி வைச்சுப்போட்டு இருபத்தஞ்சு வருசம் பேசாமல் இருந்தால் கண் போகாமல் என்னடா செய்யும், தம்பி?"

"கண் போனது உங்கடை வீட்டு மட்டன் ரோல்ஸாலை, மச்சாள்," என்றேன். "போற நேரமெல்லாம் ஆறு ஆறாத் தீத்தினீங்கள்."

"உமக்கு வாய் மட்டும் குறையாது."

குறையாதுதான். ஆனால் மச்சாள் எங்களோடு வருவதாக அன்றைக்கே முடிவாகிவிட்டது. என்னை ஒருவரும் கேட்கவில்லை.

இடத்தைக் கண்டுபிடித்தது மகள். அப்பா சொல்லச் சொல்ல ஃபோனில் தேடினாள். ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "அப்பா, மலை, கடல், ரெண்டு வெள்ளைக் கோடு. நைன்ட்டி பேர்சென்ட் இதுதான்." இவர் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு "ஓம், ஓம்" என்றார். ஃபோனில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? எனக்கும் கண்ணாடி கையில் இல்லை. சரி என்றேன்.

மூன்று விமானம் மாறிப் போய்ச் சேர்ந்த இடத்தில் பத்து வீடும் ஒரு படகுத்துறையும் இருந்தன. ஆனி மாதம், சூரியன் மறையவே இல்லை. மச்சாள் ரைஸ் குக்கரைக் கொண்டுவந்திருந்தார். நேர்த்தி என்றபடியால் ஒரு தேங்காயும், ஒரு பெட்டிக் கற்பூரமும். தேங்காய் குட்மேய்ஸில் வாங்கியது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் படகு. அதை விட்டால் திங்கட்கிழமைதான். எங்களுக்குச் சனிக்கிழமை காலையில் திரும்பிப் போகிற விமானம். இதை நான் மூன்று தரம் சொன்னேன். மச்சாள் ஃபோனில் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"வெள்ளி பத்தரையிலையிருந்து பன்ரெண்டு வரை ராகுகாலம். பதினொண்டுக்கு ஏற ஏலாது."

"இங்கை சூரியன் உதிக்கிறதுமில்லை, மறையிறதுமில்லை. ராகுகாலத்தை எங்கையிருந்து எண்ணுவியள்?"

மச்சாள் கொஞ்சம் தடுமாறினார். "அப்ப லண்டன் நேரத்தைப் பாப்பம்."

"லண்டனிலை அப்ப பத்து மணி. ராகுகாலம் தொடங்கேல்லை. ஏறுவம்."

"இல்லை, ஓடேக்கை தொடங்கீடும். ஊர் நேரத்தைப் பாப்பம். அங்கை ரெண்டரை. ராகுகாலம் முடிஞ்சுது." அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "மூண்டு மணிக்கு எமகண்டம்."

இவர் கட்டிலில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மச்சாளே ஒரு வழி கண்டுபிடித்தார். பத்தரைக்கு முன்னால் பையைக் கொண்டுபோய்ப் படகில் வைத்துவிட்டால் பயணம் நல்ல நேரத்தில் தொடங்கியதாகக் கணக்கு. எங்கள் ஊரில் பயணத்துக்கு முதல் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள், அதே வேலை. பத்தேகாலுக்குத் தானே இறங்கிப் போய், தேங்காய், கற்பூரம், கட்டுச்சோறு, இவருடைய கறுப்புக் கண்ணாடி எல்லாம் இருந்த பையைப் படகுக்காரனிடம் கொடுத்துவிட்டு, போரில் வென்ற மாதிரித் திரும்பி வந்தார்.

பத்து ஐம்பதுக்கு வெளிக்கிட்டோம். மூன்று சோடிச் சப்பாத்து, கயிறு கட்டவே பத்து நிமிடம் பிடித்தது. வாசலில் கால் வைக்கிறோம், நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார மனிசன், நல்ல மனிசன், கோப்பிக் கோப்பையோடு வந்து ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்டான்: "இன்றைக்கு எங்கே போகிறீர்கள்?"

மச்சாள் நின்றுவிட்டார்.

வெளிக்கிடுகிற ஆட்களிடம் எங்கே போகிறீர்கள் என்று எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் சரிவராது. கேட்டுவிட்டால் திரும்ப உள்ளே போய், இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாக வெளிக்கிட வேண்டும்.

"உள்ளை வாங்கோ எல்லாரும்."

"மச்சாள், படகு!"

"பை ஏறீட்டுது தானே. நிப்பான்."

"பைக்காக ஆர் நிப்பாங்கள்? அவனென்ன உங்கடை மருமகனே?"

"தம்பி, நீ வா. கண் விசயம்."

தம்பி போனார். அக்கா சொன்னால் இந்த வயதிலும் போகிற தம்பி. அந்த வீட்டில் சப்பாத்தோடு உள்ளே போகக்கூடாது. குனிந்து கழற்றினார்கள். இருந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். திரும்பக் கட்டினார்கள். இவருக்குக் கயிறு கண்ணுக்குத் தெரியாதபடியால் நான்தான் முழங்காலில் இருந்து கட்டினேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே. வீட்டுக்காரன் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் ஓரமாக நின்றான்.

படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஏழு. படகு தூரத்தில் ஒரு புள்ளி. எங்கள் பை நீர்வீழ்ச்சி பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

"நல்லதுக்குத்தான்," என்றார் மச்சாள். "அந்தப் படகுக்கு என்ன நடக்குமோ ஆர் கண்டது?"

அந்தப் படகுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் மச்சாளுக்குச் சந்தோசமாக இருந்திருக்கும்.

இவரைப் பார்த்தேன். தலையைச் சரித்து, அந்தப் புள்ளி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டு ஓய்ந்திருப்பேன். அடுத்த ஆனிக்கு இந்தக் கண் இருக்காது. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், தேங்காய்க்கும் தெரியும்.

வீட்டுக்காரனைப் பிடித்தேன். நடந்து போக வழி இருக்கிறதா? இருக்கிறது, கடற்கரை ஓரமாக ஏழு கிலோமீற்றர், கல்லில் சிவப்புப் பெயின்ற் அடித்திருக்கும், ஈரம், கவனம். படகு நாலு மணிவரை அங்கே நிற்கும், திரும்பி வரும்போது ஏறிக்கொள்ளலாம் என்றான்.

"உமக்கு விசரோ? கண் தெரியாதவனை இந்தக் கல்லுக்குள்ளாலை கூட்டிக்கொண்டு போறதோ?" மச்சாள் கத்தினார்.

"நீங்கள் இருந்து தண்ணி குடியுங்கோ, மச்சாள்."

நான் முன்னால் நடந்தேன். இவர் என் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பயணப் புத்தகங்களில் எழுதுகிற அமைதி, தூய காற்று, அதெல்லாம் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் கீழே பார்த்துக்கொண்டு நடந்தேன். கல்லு. சேறு. காலைத் தூக்குங்கோ. இடப்பக்கம். இல்லை, உங்கடை இடப்பக்கம். நுளம்பு மூக்குக்குள் போனது. இவ்வளவு குளிருக்கும் நுளம்பு இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. முழங்கால் உயர மரங்கள், அந்த நாட்டில் அதற்குப் பெயர் காடு. ஒரு இடத்தில் இரண்டு கலைமான்கள் நின்று எங்களைப் பார்த்தன. கறிவேப்பிலை மனிசி பார்த்த அதே பார்வை.

"கலியாணம் கட்டி இப்பதான் முதல் தரம் நான் சொல்லச் சொல்லக் கேக்கிறியள்," என்றேன்.

"வேறை வழி?"

ஒரு சேற்றில் இவருடைய கால் முழங்கால் மட்டும் போய்விட்டது. இழுத்தேன். நானும் விழுந்தேன். இரண்டு பேரும் சேற்றில் இருந்தோம். அப்போதுதான் கேட்டேன், கடவுள் இவ்வளவு பேர் இருக்க ஏன் அந்தப் படத்துக்கு நேர்த்தி வைத்தீர்கள் என்று.

காலில் இருந்த சேற்றை வழித்துக்கொண்டே சொன்னார். "அந்த அறையிலை எல்லாம் நிண்டுபோய் இருந்தது. ஆக்கள், கதிரை, நம்பர் எல்லாம். அது ஒண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது."

"அது படம்."

"தெரியும். எண்டாலும் ஓடிச்சு."

எழும்புங்கோ, நாலு மணிக்குப் படகு என்றேன்.

மூன்றேகாலுக்கு ஒரு திருப்பத்தில் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் நடந்ததும் தெரிந்தது. பெரியதுதான், பொய் சொல்ல மாட்டேன். மேலே பனி, கறுத்த மலை, அங்கிருந்து வெட்டிவிட்ட மாதிரித் தண்ணீர் நேரே கடலுக்குள் விழுகிறது. சாரல் முகத்தில் அடித்தது. படகில் வந்த பத்துப் பேர் மழைச் சட்டையோடு நின்று படம் எடுத்தார்கள். கரையில் ஒரு பெட்டிமேல் எங்கள் பை இருந்தது. அவர்கள் எல்லாரையும்விட நல்ல இடம் அதற்குத்தான் கிடைத்திருந்தது.

நான் மேலே பார்த்தேன். ஒன்றுதான் விழுந்தது. அதற்குப் பக்கத்தில், பாறை இடுக்கில், உருகாத பழைய பனி ஒரு நீளக் கோடாக ஒட்டிக்கொண்டிருந்தது. மகளின் ஃபோனில் தெரிந்த இரண்டாவது வெள்ளைக் கோடு அதுதான். நடுவில் கறுத்த பாறையும் இல்லை. இது அந்த நீர்வீழ்ச்சி இல்லை. சேற்றில் விழுந்து, இழுத்து, இந்த மனிசனை வேறு எதற்கோ முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

இவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்தார். சாரல் வேறு. கண்ணைத் துடைத்தார். திரும்பவும் சரித்தார்.

"இஞ்சாரும்," என்றார். "ரெண்டாத்தானே விழுது?"

நான் ஒருவருக்கும் நயத்துக்காகப் பேசினதில்லை. வேலை செய்கிற வயோதிபர் இல்லத்தில் மேலதிகாரிக்கு முகத்துக்கு நேரே சொல்லி இரண்டு தரம் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கிறேன். மகள் முதல் முதல் சமைத்த கோழிக்கறியைச் சாப்பிட்டுவிட்டு, இதற்காகக் கோழி செத்திருக்கத் தேவையில்லை என்று சொன்னவள்.

"ஓம்," என்றேன். "ரெண்டுதான்."

"வலப்பக்கத்தது?"

"மெல்லிசு. ஒரு கறுத்த பாறைக்குப் பின்னாலையிருந்து வருது. பாதியிலை உடைஞ்சு, பிறகு சேருது. கீழை வரேக்கை புகை மாதிரி."

குரோய்டன் சுவரில் பார்த்ததை அப்படியே சொன்னேன். இவர் தலையைச் சரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பையைத் திறந்து தேங்காயை எடுத்தோம். கல்லில் அடித்தார், பிழைத்தது. இன்னொரு தரம் அடித்தார், விரலில் பட்டது. நான் வாங்கி அடித்தேன். முறையாக இரண்டாகப் பிளக்கவில்லை, நாலைந்து துண்டாகப் போனது. கற்பூரம் சாரலில் பற்றவே இல்லை. மழைச் சட்டைக்காரர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள். ஒரு தேங்காய்த் துண்டைப் படகுக்காரன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். முன்னொரு காலத்தில் மீன் தொழிற்சாலையில் எங்கள் தமிழ்ப் பெடியங்களோடு வேலை செய்தவனாம். பையைப் பார்த்தவுடனேயே, ஆட்கள் எப்படியாவது பின்னால் வந்து சேர்வார்கள் என்று தெரிந்துகொண்டானாம். அங்கேயும் எங்களுக்கு அந்தப் பெயர்தான்.

லண்டனுக்கு வந்த அடுத்த ஞாயிறு மச்சாள் டூட்டிங்கிலிருந்து வந்தார். மகளும் வந்தாள். தேத்தண்ணிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நானும் வந்து இருந்தேன். மகள் என் ஃபோனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒன்றில் நின்றாள். விரலால் பெரிதாக்கினாள்.

"அம்மா, இதிலை ஒண்டு தானே? மற்றது ஸ்னோ மாதிரி..."

மேசைக்குக் கீழே அவளுடைய காலை மிதித்தேன்.

"ஆவ்! வாட்?"

"ஒண்டுதான்," என்றார் இவர், சோபாவில் இருந்து. "எனக்கு அங்கையே தெரியும்."

"கண் தெரிஞ்சுதோ, தம்பி?" மச்சாள் எழும்பிவிட்டார்.

"கண் தெரியேல்லை." மகள் பக்கம் திரும்பினார். "கொம்மாட்டைக் கேட்டன், பிள்ளை. கேட்ட உடனை ஓம் எண்டு சொன்னவ. கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் கேட்ட ஒண்டுக்கும் கொம்மா உடனை ஓம் எண்டு சொன்னதில்லை. அப்பவே விளங்கீட்டுது."

மகள் சிரித்தாள். எனக்கு முகம் சுட்டது. சேற்றுக்குள் இழுபட்டு, வாழ்நாளில் ஒரு பொய் சொன்னேன். அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

மச்சாளுக்கு வேறு கவலை. "அப்ப நேர்த்தி தீரேல்லை! திரும்பப் போகவேணும். பொறு, நாள் பாக்கிறன்." கைப்பையில் கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.

"அக்கா, இரு," என்றார் இவர். பிறகு நான் இருந்த பக்கம் தலையைச் சரித்தார். "அந்த வலப்பக்கத்ததை இன்னொருக்காச் சொல்லும். பாறைக்குப் பின்னாலையிருந்து வாறதை."

அடுப்பில் பால் பொங்கி வழிகிற மணம் வந்தது. பொறுங்கோ என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தினேன். துணியை எடுத்து ஊற்றுப்பட்ட பாலைத் துடைத்துக்கொண்டே, குசினியிலிருந்து கத்திச் சொன்னேன். மெல்லிசு. பாதியிலை உடையுது. பிறகு சேருது. கேக்குதோ?

"கேக்குது," என்றார். "அந்தப் பாறை என்ன நிறம்?"

"கறுப்பு எண்டு எத்தினை தரம் சொல்லுறது!"